நீர்க்குமிழியின் ஒளிச் சரித்திரம்

நிலையாமையைச் சொல்ல வந்த நம் புலவர்கள் நீர்க்குமிழியை எடுத்துக்காட்டாமல் விட்டதில்லை. தோன்றிய மாத்திரத்தில் உடைந்துபோகும் அதனிடத்தில், உடைந்துபோதலைத் தவிர ஆராய்வதற்குரியது வேறொன்று உண்டென்று அவர்களுக்குத் தோன்றாதது இயல்பே. ஆனால் அந்த உடைதலே, அதாவது குமிழியொன்று தன்னைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்தால் உள்நோக்கிச் சுருங்குகின்ற அந்தக் கணத்தின் மிகச் சிறிய பகுதியே, சென்ற நூற்றாண்டு முழுவதும் கப்பல் கட்டுவோரையும் கடற்படையினரையும் ரசாயன நிபுணரையும் பௌதிக விஞ்ஞானிகளையும் மாறிமாறித் தன்பால் ஈர்த்து, சூரியனுடைய மேற்பரப்பைக் காட்டிலும் உஷ்ணம் மிகுந்த ஓர் இடம் தண்ணீர்க் குடுவை ஒன்றுக்குள் உண்டாகக்கூடும் என்பதைத் தன் ஒளியைக் கொண்டே மெய்ப்பித்தது. செவிக்கு எட்டாத ஒலியால் அதிரும் திரவத்தில் குமிழிகள் ஒளிவிடும் இந்த நிகழ்ச்சியை ஒலியொளிர்வு என்கிறோம். இதன் வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்வது ஒன்றுண்டு: இவ்வொளியைத் தேடிப் புறப்பட்டவர் தொடக்கத்தில் ஒருவரும் இல்லை, வேறெவற்றையோ தேடியவர்களின் வழியில் அது தானே வந்து நின்றது.

முதற் காட்சி கடலில் நிகழ்கிறது. 1890-களில் இங்கிலாந்தில் நீராவிக் கப்பல்களின் வேகத்தைக் கூட்டுவதில் பெரும் முயற்சி நடந்துவந்தது. டேரிங் என்ற நாசகாரிக் கப்பலைப் பரீட்சித்தபோது, யந்திரம் எத்துணை விரைவாகச் சுழன்றும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. உந்து விசிறியின் அலகுகளுக்குப் பின்புறத்தில் நீரின் அழுத்தம் மிகத் தாழ்ந்து, அங்கே நீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகிக் குழிகள் பறிவதே இதற்குக் காரணமென்று தார்னிகிராஃப்ட், பார்னபி ஆகிய இருவரும் 1895-இல் எடுத்துரைத்தனர். நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸும் இதே இடர்ப்பாட்டைச் சந்தித்தார். 1894-இல் அவர் மிதக்கவிட்ட டர்பீனியா என்ற சிறு கப்பல் முதற் பரீட்சைகளில் இருபது கடல் மைல் வேகத்தைக்கூட எட்டவில்லை. அவர் சிறியதொரு நீர்த்தொட்டியை அமைத்து, அதற்குள் விசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் குமிழிகள் பிறந்து மறைவதைக் கண்ணாரக் கண்டார். பின்பு ஒற்றைத் தண்டை நீக்கி மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்த, 1897-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், அதே டர்பீனியா மணிக்கு 34 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து, அங்கு திரண்டிருந்த கடற்படைத் தலைவர்களைத் திகைக்கச் செய்தது.

வேகம் கிடைத்தது, ஆனால் குமிழிகள் ஒழியவில்லை. பெரிய கப்பல்களின் விசிறிகள் கடலில் ஓடி மீண்டபோது, உறுதிமிக்க வெண்கலம் அம்மை வடுப்பட்ட முகம்போல் குழிகுழியாக அரிக்கப்பட்டிருந்தது. உப்புநீரின் ரசாயனச் செயலே இதற்குக் காரணம் என்று சிலர் கருதினர். சுருங்கி அழியும் குமிழிகளின் அடியே காரணம் என்று வேறு சிலர் கருதினர். இவ்விவாதத்துக்குக் கணித அடிப்படையை அளித்தவர் ரேலி பிரபு. கெட்டிலில் நீர் கொதிக்கத் தொடங்குமுன் எழும் இரைச்சல், அடியில் பிறந்த ஆவிக் குமிழிகள் மேலேறிக் குளிர்ந்த நீரில் நசுங்குவதால் உண்டாவது என்று ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதியிருந்ததை வாசித்தபோதே இந்தக் கேள்வி அவர் உள்ளத்தில் விழுந்துவிட்டது. பெசன்ட் என்ற கணித ஆசிரியர் 1859-இல் எழுப்பிய ஒரு கணக்கும் அவருக்கு நினைவிருந்தது. 1917-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், வெற்றுக் குழியொன்று நான்கு புறத்து நீராலும் நெருக்குண்டு சுருங்குகையில், அது சிறுக்கச் சிறுக்க நீரின் வேகம் எல்லையின்றி வளர்வதையும், சுற்றிலும் உள்ள அழுத்தம் ஆயிரக்கணக்கான மடங்காக உயர்வதையும் காட்டினார். வெண்கலம் ஏன் அரிபடுகிறது என்பதற்கு அது போதிய விடை. குமிழிக்குள் சிறிது வாயு இருந்தால் என்னாகும் என்றும் அவர் கணக்கிட்டார். ஆனால் நசுங்கும்போது அவ்வாயு சூடேறுவதில்லை என்று வைத்துக்கொண்டே கணக்கிட்டார். அந்த ஓர் அனுமானத்தை அவர் மாற்றியிருந்தால், ஒளி பிறக்கும் வாய்ப்பைக் காகிதத்திலேயே கண்டிருக்கக்கூடும் என்று எண்ணும்போது, அறிவுலகின் பெரும் வாசல்கள் எத்துணை மெல்லிய திரையால் மூடியிருக்கின்றன என்பது விளங்குகிறது.

இதே ஆண்டுகளில் மற்றொரு நாட்டில் மற்றொரு தேவை இதே பொருளை நோக்கி மனிதரைச் செலுத்திக்கொண்டிருந்தது. முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நேச நாட்டுக் கப்பல்களை மூழ்கடித்துவந்த காலத்தில், பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாஞ்செவின், குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரவைத்து, செவிப்புலனுக்கு அப்பாற்பட்ட ஒலியை நீருக்குள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் முறையை வகுத்தார். தூலோன் துறைமுகத்தில் அவர் நடத்திய சோதனைகளைக் காணச் சென்ற அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஆர். டபிள்யூ. வுட், அவ்வொலிக் கற்றையின் குறுக்கே நீந்திய மீன்கள் மடிந்து மிதப்பதையும், நீரில் கையை வைத்தால் எரிச்சலோடு நோவெடுப்பதையும் கண்டு வியந்து, அக்காட்சியை மறவாமல் தம் நாடு திரும்பினார். பத்தாண்டுகளுக்குப் பின், செல்வந்தரும் விஞ்ஞானப் பிரியருமான ஆல்ஃபிரட் லூமிஸ், நியூயார்க்கை அடுத்த டக்ஸிடோ பார்க்கில் தம் சொந்தப் பொருளால் அமைத்த பரிசோதனைச் சாலையில், அவரும் வுட்டும் கூடி அந்த ஒலியின் தன்மைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். எண்ணெயும் நீரும் இரண்டறக் கலந்தன, திரவத்தின் மேற்பரப்பு மேடிட்டு எழுந்தது, நுண்ணுயிர்கள் சிதைந்தன. 1927-இல் வெளியான அந்த ஆராய்ச்சியும், அதே ஆண்டில் ரிச்சர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து லூமிஸ் வெளியிட்ட ரசாயன விளைவுகள் பற்றிய ஆராய்ச்சியும், கேளா ஒலியை யுத்த சாதனம் என்ற நிலையிலிருந்து பரிசோதனைச் சாலைக்குரிய சாதனமாக்கின. ஐரோப்பாவெங்கும் குவார்ட்ஸ் படிகங்களும் மின் அதிர்விகளும் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்தன.

ஒளி முதலில் தன் அடையாளத்தை விட்டுச்சென்றது புகைப்படத் தகட்டின்மீது. 1933-இல் பாரிஸில் மாரினெஸ்கோ, த்ரில்லா ஆகிய இருவர், கேளா ஒலி பாயும் திரவத்தில் அமிழ்த்திய தகடுகள் ஒளி படாமலே கருத்துப்போவதைக் கண்டனர். தகட்டின் மேல் நிகழும் ரசாயன மாற்றத்தை ஒலி துரிதப்படுத்துவதே காரணம் என்று அவர்கள் கருதினர். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரென்ட்ஸல், ஷுல்டெஸ் என்ற இருவர், கேளா ஒலி பாய்ந்த நீரில் தகடுகளை வைத்துக் கழுவிப் பார்த்தபோது அவற்றின்மேல் நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. நீருக்குள்ளேயே ஒளி பிறக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அச்செய்தியை அவர்கள் 1934-இல் சிறு குறிப்பாக ஒரு பௌதிக ரசாயனப் பத்திரிகையில் வெளியிட்டு, குமிழிகள் தோன்றும்போது மின்னூட்டங்கள் பிரிந்து பொறியெழுவதே காரணமாகலாம் என்று எழுதினர். காரணத்தைத் தவறாகக் கொண்டபோதிலும் காட்சியைச் சரியாகக் கண்டவர்கள் அவர்களே. பாரிஸ் அறிஞர் கண்ணெதிரே இருந்ததை வேறொன்றாகக் கொண்டார்கள், கொலோன் அறிஞர் அதை ஒளி என்று கொண்டார்கள் என்பதே இரு சாராருக்கும் உள்ள வேற்றுமை. இருட்டறையில் ஒரு கருத்த புள்ளியைக் கழுவுதலில் நேர்ந்த பழுதென்று ஒதுக்கிவிடாமல் நின்று யோசித்த அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஏறத்தாழ இதே வேளையில் நம் தென்னாட்டிலும் ஒலியும் ஒளியும் திரவத்துக்குள் சந்திக்கும் விந்தை ஆராயப்பட்டுவந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த சி. வி. ராமன், பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் நாகேந்திரநாத்துடன் சேர்ந்து, கேளா ஒலி அலைகள் ஊடுருவும் திரவத்தின் வழியே செல்லும் ஒளிக்கதிர் பல கதிர்களாகச் சிதறுவதற்கான சித்தாந்தத்தை 1935, 1936-ஆம் ஆண்டுகளில் வகுத்தார். அங்கே ஒளி வெளியிலிருந்து புகுவது; கொலோனிலோ அது திரவத்தின் உள்ளேயே பிறப்பது. ஆதலால் இரண்டும் ஒரே ஆராய்ச்சி ஆகமாட்டா. ஆனாலும் ஒரே சாதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகின் பல மூலைகளில் பலர் ஒரே காலத்தில் ஒளியை நோக்கியிருந்தனர் என்பதை அறிய இது உதவும்.

அமெரிக்காவில் சேம்பர்ஸ் என்பவர் தகட்டின் துணையின்றியே, இருளில் பழகிய கண்ணால், பல திரவங்கள் மங்கலாக ஒளிர்வதைக் கண்டு எழுதினார். உயிரினங்களின் ஒளியை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த பிரின்ஸ்டன் பேராசிரியர் நியூட்டன் ஹார்வி, 1939-இல், குமிழிகள் தாமே விடும் ஒளியையும், லூமினால் போன்ற பொருள்களைக் கரைத்தால் ரசாயன மாற்றத்தால் எழும் ஒளியையும் வேறுபடுத்திக் காட்டினார். இந்த வேறுபாடு பிற்காலத்தில் தொழில் நடத்துவோருக்கும் பொறியியலாருக்கும் பெரும் பிரயோஜனம் தந்தது; அதைப் பின்னர்க் கூறுவேன். காரணம் பற்றிய கருத்துகளோ பலவாயின: உராய்வு என்றனர், மின்பொறி என்றனர், படிகம் உடைகையில் எழும் ஒளியைப் போன்றது என்றனர். 1950-இல் நோல்டிங், நெப்பிராஸ் ஆகிய இருவர், குமிழி நொடிப்பொழுதில் நசுங்குவதால் உள்ளே அகப்பட்ட வாயுவின் உஷ்ணம் வெளியேற நேரமின்றிப் பல்லாயிரம் பாகை வரை உயர்ந்து ஒளிரும் என்று எடுத்துரைத்தனர். ரேலி விட்டுச்சென்ற இடம் நிரப்பப்பட்டது. எனினும் நிரூபணம் எளிதாகக் கிட்டவில்லை. ஏனெனில் திரவத்தில் எழுவது ஒரு குமிழியன்று, கோடிக்கணக்கான குமிழிகள் கூட்டமாகத் தோன்றி, ஒன்றையொன்று இடித்து, கணந்தோறும் இடம் மாறி மறைவன. அவற்றுள் ஒன்றைத் தனித்துப் பிடித்து நாடி பார்ப்பது இயலாததாயிருந்தது. ஆகவே நாற்பது ஆண்டுக்காலம் இவ்வாராய்ச்சி சில பரிசோதனைச் சாலைகளின் மூலைகளில் மெதுவாகவே நகர்ந்தது.

அந்த ஒற்றைக் குமிழியைப் பிடித்தவர் ஃபெலிப்பே கைத்தான். அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தில், லாரன்ஸ் க்ரம் என்ற பேராசிரியரின் கீழ் முனைவர் பட்டத்துக்காக உழைத்துவந்த அவர், கரைந்த காற்றின் பெரும்பகுதி நீக்கப்பட்ட திரவத்தை ஒரு குடுவையில் நிரப்பி, அதனுள் நிலையான ஒலி அலையை எழுப்பி, அதன் நடுவில் ஒரே குமிழி அசையாமல் தங்கி, அலையின் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருமுறை விரிந்து சுருங்கி ஒளிவிடும் நிலையைக் கண்டார். 1990-இல் முடிந்த அவரது ஆய்வு 1992-இல் முழுமையாக அச்சேறியது. இதற்கு விலை மிகுந்த யந்திரங்கள் வேண்டுவதில்லை. ஓர் உருண்டைக் குடுவை, அதன் பக்கங்களில் ஒட்டிய இரண்டு மின்படிகங்கள், காற்று நீக்கிய தண்ணீர், ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு மின்சாரம் ஆகியவையே போதும். விளக்கை அணைத்தால் குடுவையின் நடுவே நீலம் கலந்த ஒரு வெண்புள்ளி கண்ணுக்கே தெரியும்.

லாஸ் ஏஞ்சலீஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸெத் புட்டர்மனும் அவருடைய மாணவர் பிராட்லி பார்பரும் அந்தப் புள்ளியை அளக்கத் தொடங்கினர். 1991-இல் அவர்கள் வெளியிட்ட செய்தி பௌதிக உலகத்தை உலுக்கியது என்றால் மிகையன்று: நொடிக்கு இருபத்தையாயிரம் முறைக்கு மேல் மின்னும் அந்த ஒளியின் ஒவ்வொரு மின்னலும், ஒரு நொடியின் லட்சங்கோடிப் பகுதிகளுள் ஐம்பது பகுதிகளைவிடக் குறைந்த காலமே நீடித்தது. ஒலி அலையின் ஒரு வீச்சு எடுத்துக்கொள்ளும் காலத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஆகும். மின்னலுக்கும் மின்னலுக்கும் உள்ள இடைவெளியோ நல்ல கடிகாரத்தின் ஒழுங்குடையது. தண்ணீர் முழுவதும் பரவியிருந்த ஒலியின் சக்தி, ஒளியாக வெளிப்படுகையில் லட்சங்கோடி மடங்கு செறிவடைகிறது என்று அவர்கள் கணித்தனர். இந்தக் குமிழியின் அளவையும் கூறவேண்டும்: ஒலியற்ற நிலையில் அதன் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, ஒலி அலையின் தாழ்ந்த அழுத்தத்தில் அது பத்து மடங்கு விரிகிறது, உயர்ந்த அழுத்தம் வந்ததும் திடீரென்று மைக்ரானில் பாதியளவாகச் சுருங்குகிறது. சுருங்கும் வேகம் வாயுவில் ஒலி செல்லும் வேகத்தையும் விஞ்சும். அந்தக் கடைசிச் சுருக்கத்தில்தான் சில லட்சம் ஒளித்துகள்கள் வெளிவந்து மறைகின்றன.

இங்கேதான் இவ்வரலாற்றின் மிக இனிய அத்தியாயம் வருகிறது. நீரில் சாதாரணக் காற்றைக் கரைத்தால் குமிழி நன்றாக ஒளிர்ந்தது. காற்றின் ஐந்தில் நான்கு பங்காகிய நைட்ரஜனை மட்டும் கரைத்தால் ஒளி மிக மங்கிற்று. ஆக்ஸிஜனைச் சேர்த்தும் பயனில்லை. காற்றில் நூற்றில் ஒரு பங்கே உள்ள ஆர்கான் சேர்ந்தவுடன் பழைய பிரகாசம் திரும்பியது. புட்டர்மனின் குழுவினர் 1994-இல் இதை வெளியிட்டபோது, இத்துணைச் சிறிய பங்கு இத்துணைப் பெரிய மாற்றத்தை எப்படி விளைவிக்கும் என்பது விளங்கவில்லை. 1997-இல் டெட்லெஃப் லோசேயும் மைக்கேல் பிரென்னரும் அவர்களுடைய தோழர்களும் விடையளித்தனர். குமிழி நசுங்கும் ஒவ்வொரு முறையும் எழும் உஷ்ணத்தில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீரில் கரையும் கூட்டுப்பொருள்களாகி வெளியேறிவிடுகின்றன. எதனோடும் சேராத ஆர்கான் மட்டும் எஞ்சுகிறது. குமிழி விரியும்போது நீரிலிருந்து புதிய காற்று புக, அதிலும் ஆர்கான் மட்டும் நிலைக்க, பல்லாயிரம் சுருக்கங்களுக்குப் பின் குமிழி ஏறக்குறையத் தூய ஆர்கானாகிவிடுகிறது. பொன்னைப் புடமிட்டு மாசு நீக்குவதுபோல் குமிழி தன்னைத் தானே புடமிட்டுக்கொள்கிறது. அடுத்த ஆண்டிலேயே பரிசோதனைகள் இதை உறுதிசெய்தன.

இதை வாசித்தபோது எனக்கு 1785-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஹென்றி கேவண்டிஷ், காற்றோடு ஆக்ஸிஜனைச் சேர்த்து, அதனுள் இடைவிடாமல் மின்பொறிகளைச் செலுத்தி, உண்டான கூட்டுப்பொருளைக் காரநீரில் கரையவிட்டு, நைட்ரஜன் முழுவதையும் நீக்க முயன்றார். எத்துணை முயன்றும், தொடக்கத்தில் இருந்த வாயுவில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு சிறு குமிழி குழாயில் எஞ்சியே நின்றது. அவர் அதைக் குறித்துவைத்துச் சென்றார். நூறாண்டுகளுக்கு மேல் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் ரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு கனமாயிருப்பது ஏன் என்று தவித்த மற்றொருவர், கேவண்டிஷின் மின்பொறிச் சோதனையை மீண்டும் செய்து, வில்லியம் ராம்ஸேயுடன் சேர்ந்து 1894-இல் அந்த எச்சமே ஆர்கான் என்ற புதிய தனிமம் என்று உலகுக்கு அறிவித்தார். அவர் வேறு யாருமல்லர். குமிழியின் சுருக்கத்தைக் கணக்கிட்ட அதே ரேலி பிரபுவே. நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது ஆர்கான் சம்பந்தமான பணிக்காக, 1904-இல். வாயுக்களின் நிறையை அளந்த கையும் கப்பல் விசிறியின் அரிப்புக்குக் கணக்கிட்ட கையும் ஒன்றே. ஒன்றோடொன்று தொடர்பற்ற அவ்விரு பணிகளும் ஒளிரும் குமிழி ஒன்றினுள் ஒன்றுகூடியதை அவர் காணவில்லை. 1919-இல் அவர் காலமாகிவிட்டார்.

ஒளியின் தோற்றம் பற்றிய சித்தாந்தங்களில், 1965-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றோருள் ஒருவரான ஜூலியன் ஷ்விங்கருடையது தனிச் சிறப்புடையது. வெற்றிடத்திலும் அடங்கியிருக்கும் மின்காந்தச் சலனமே குமிழியின் எல்லை விரைந்து அசைவதால் ஒளியாக வெளிப்படுகிறது என்ற கருத்தை, தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் தொடர்ந்த பல கட்டுரைகளில் அவர் எழுதினார். அக்கருத்து நிலைக்கவில்லை, ஆயினும் எழுபது வயதைக் கடந்த ஒரு பேரறிஞர் ஒரு துளி நீரின் புதிரை அத்துணை ஆர்வத்துடன் பற்றிக்கொண்டது மதிக்கத்தக்கது. 1997-இல் ஸ்டுட்கார்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு மின்னலின் நீளத்தையும் நேராக அளந்து, அது 1991-இல் எண்ணியதைவிட நீண்டது, நொடியின் லட்சங்கோடிப் பகுதிகளில் 60 முதல் சில நூறு வரை என்று கண்டனர். சிவப்பு ஒளியும் ஊதா ஒளியும் ஒரே அளவு காலமே நீடித்தன. சூடான வாயு ஓரளவு மின்மப் பிழம்பாகி ஒளிர்கிறது என்ற எளிய விளக்கத்துக்கு அதிலிருந்து வலிமை கூடிற்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸஸ்லிக் பல ஆண்டுகளாக இத்துறையில் உழைத்தவர்; குமிழிக் கூட்டங்களின் ஒளியைப் பகுத்து அவற்றின் உஷ்ணம் சுமார் 5,000 கெல்வின் என்று 1991-இல் அவர் காட்டியிருந்தார். 2005-இல் அவரும் டேவிட் ஃப்ளானிகனும் தண்ணீருக்குப் பதிலாகக் கந்தக அமிலத்தில் ஒற்றைக் குமிழியை நிறுத்தினர். அமிலத்தின் ஆவி மிகக் குறைவாதலால் குமிழிக்குள் உஷ்ணத்தைக் களவாடுவோர் குறைந்தனர். ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. அவ்வொளியில் ஆர்கான் அணுக்களின் தனிக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றைப் படித்துக் கணித்த உஷ்ணம் 15,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பு 6,000 கெல்வினுக்கும் குறைவானது.

மனிதர் குடுவையில் செய்ததைக் கடலின் சிற்றுயிர் ஒன்று நெடுங்காலமாகச் செய்துவருகிறது. சொடுக்கு இறால் என்னும் சிறு உயிர், தன் பெரிய கொடுக்கை மின்னல் வேகத்தில் மூடி நீரைப் பீய்ச்சும்போது குமிழியொன்று உண்டாகி நசுங்குகிறது; அதன் ஓசையே இரையைத் திகைக்கவைக்கும் வெடிச்சத்தம். இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிகளின் ஒலியைக் கேட்க வைத்த கருவிகளை இந்த இறால் கூட்டங்களின் படபடப்பு பெரிதும் தொல்லைப்படுத்தியது. 2001-இல் லோசேயும் ஷ்மிட்ஸும் வெர்ஸ்லூயிஸும் அக்குமிழி ஒளியும் விடுகிறது என்பதைக் கருவிகளால் கண்டுபிடித்தனர்.

பிரயோஜனம் என்ன என்ற கேள்வி எழாமல் இராது. முதலில் எழுந்த ஆசை மிகப் பெரியது: குமிழிக்குள் உஷ்ணம் இன்னும் ஆயிரம் மடங்கு ஏறுமாயின், சூரியனில் நிகழும் அணுச்சேர்க்கை மேசைமேல் நிகழுமே என்பது. 2002-இல் ஓக் ரிட்ஜ் பரிசோதனைச் சாலையிலிருந்து, கன ஹைட்ரஜன் சேர்ந்த அசிட்டோனில் அவ்வாறு நிகழ்ந்ததாக ஒரு செய்தி வெளியாயிற்று. அதே சாலையைச் சேர்ந்த வேறு இருவர் மேலான கருவிகளால் சோதித்தபோது அச்சான்று கிட்டவில்லை. பின்னர்த் தொடர்ந்த விசாரணைகள் 2008-இல் அந்த ஆராய்ச்சியின் நேர்மைக்கே குற்றம் காண்பதில் முடிந்தன. ஒரு நல்ல துறைக்கு இதனால் ஏற்பட்ட களங்கம் பல ஆண்டுகள் நீடித்தது வருந்தத்தக்கது. ஏனெனில் ஆரவாரமின்றி உண்மையாகவே பயன் தந்த பணிகள் அக்காலமெல்லாம் வேறிடங்களில் நடந்துவந்தன.

ஒலியொளிர்வு எந்த வீட்டிலும் விளக்கேற்றவில்லை, ஏற்றப்போவதுமில்லை. செலவிடும் ஒலிச் சக்தியில் ஒளியாக மாறும் பங்கு மிக மிகச் சிறியது. டிடெங்கோவும் ஸஸ்லிக்கும் 2002-இல் ஒற்றைக் குமிழியின் கணக்கைத் தீர்த்துப் பார்த்தபோது, ஒளியைவிட நீரின் மூலக்கூறுகளை உடைப்பதிலேயே மிகுதியான சக்தி செலவாகிறது என்பது தெரிந்தது. தொழிலுக்கு வேண்டியதும் அந்த உடைப்பே. ஒளியோ உள்ளே நிகழ்வதற்குச் சாட்சி. உள்ளே உஷ்ணம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்பதை வேறெந்தக் கருவியும் புகமுடியாத இடத்திலிருந்து சொல்லும் சாட்சி. அச்சாட்சியின் துணைகொண்டு ஸஸ்லிக் குழுவினர் 1991-இல், இரும்பும் கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்த ஒரு திரவத்தைக் குமிழிகளால் உடைத்து, படிக ஒழுங்கே இல்லாத இரும்புத் தூளைப் பெற்றனர். இரும்பு அணுக்கள் வரிசைகொள்ள அவகாசமின்றி அத்துணை விரைவாகக் குளிர்வதால் இது நிகழ்கிறது. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தைக் கேளா ஒலியால் நுண்குமிழிகளாக்கி, இதயத்தின் எக்கோ படத்தில் இரத்த ஓட்டம் தெளிவாகத் தெரியும்படி செய்யும் மருந்து 1990-களிலேயே வழக்கத்துக்கு வந்தது. குமிழிக்குள் பிறக்கும் ரசாயன மூலங்களே அப்புரதத்தைப் பிணைத்து ஓடாக்குகின்றன. மருத்துவத்தில் இதைவிடத் துணிவான முயற்சி, உடலைக் கீறாமல் வெளியிலிருந்து செலுத்தும் ஒலியால் ஈரலின் கட்டிக்குள் குமிழிக் கூட்டத்தை எழுப்பி அக்கட்டியை நொறுக்குவது. இதற்கு அமெரிக்க அரசு 2023-இல் அனுமதி அளித்திருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முத்துப்பாண்டியன் அசோக்குமார், அங்கே ஃபிரான்ஸ் கிரீஸருடன் சேர்ந்து, நீரில் சிறிதளவு ஆல்கஹாலைக் கலந்தாலே குமிழிக் கூட்டத்தின் ஒளி வெகுவாக அடங்கிவிடுவதை ஆராய்ந்தார். ஆல்கஹால் குமிழியின் புறத்தே படிந்து, உள்ளே ஆவியாகப் புகுந்து, உஷ்ணத்தைத் தானே உண்டுவிடுகிறது. ஒளி அடங்கும் அளவைக் கொண்டு, குமிழியின் மேற்பரப்பில் எப்பொருள் எவ்வளவு தங்குகிறது என்பதை அறியலாம். இவ்வறிவு அழுக்கு நீரைச் சுத்திகரிக்கும் முறைகளுக்கும், பால் பதப்படுத்தும் தொழிலுக்கும் பயன்பட்டது. பால் திரிந்தால் பிரியும் தெளிநீரின் புரதங்களை ஒலியால் பதப்படுத்தினால் அவை சூட்டைத் தாங்கும் திறன் பெறுகின்றன என்பது அக்குழுவினர் கண்ட பயனுள்ள செய்திகளுள் ஒன்று.

ஹார்வி 1939-இல் வேறுபடுத்திய இரண்டாவது வகை ஒளியே இன்று தொழிற்கூடங்களுக்கு நேரான உபயோகமாகிறது. சாயக் கழிவு நீரைத் தெளிவாக்கவோ, மருந்துப் பொருளைத் தயாரிக்கவோ கேளா ஒலித் தொட்டியொன்றை அமைக்கும் பொறியியலாருக்கு முதலில் தெரியவேண்டுவது, தொட்டியின் எப்பகுதியில் குமிழிகள் வேலை செய்கின்றன, எப்பகுதியில் சும்மா இருக்கின்றன என்பதே. வெளிச்சத்தில் பார்த்தால் எங்கும் ஒரேவிதமான சலனம்தான். ஆகவே தொட்டி நீரில் சிறிது லூமினாலையும் காரத்தையும் கரைத்து, அறையை இருட்டாக்கி, ஒலியைத் திறந்து, சில நிமிஷங்கள் காமிராவைத் திறந்துவைத்துப் படமெடுக்கின்றனர். குமிழிகள் நீரை உடைத்து வீரியமுள்ள மூலங்களை விடும் இடமெல்லாம் நீலமாகப் பதிகிறது; மற்ற இடங்கள் கருமையாகவே நிற்கின்றன. அப்படத்தைப் பார்த்து, அதிர்வியை அடியிலிருந்து பக்கத்துக்கு மாற்றுகிறார்கள், நீரின் உயரத்தைச் சில அங்குலம் குறைக்கிறார்கள், ஒலியின் அதிர்வெண்ணைத் திருத்துகிறார்கள். பிறகு மற்றொரு படமெடுத்து முந்தியதோடு ஒப்பிட்டு, நீலப் பரப்பு விரிந்த அமைப்பையே தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள்.